பாம்புக்கு எடுத்த ஆலாத்தி

எங்கள் ஆட்களுக்கு எத்தனையோ கெட்டித்தனம் உண்டு. ஒருவரைச் சும்மா விடுகிற கெட்டித்தனம் மட்டும் கிடையாது. வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்போம். சாப்பிட்டாயிற்று என்றால் நம்பமாட்டோம். பிறகு எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குக் கிட்ட என்று விசாரித்து, வந்தவருடைய மாமனாருக்கும் நம்முடைய சித்தப்பாவுக்கும் ஒரு காலத்தில் வேலிச் சண்டை நடந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆறுதலாக மூச்சு விடுவோம். இதையெல்லாம் மனிதர்களுக்குச் செய்தால் உபசாரம் என்று பெயர். நான் ஒரு பாம்புக்குச் செய்தேன்.

(பாம்புக்குத்தான். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள்.)

நான் மெல்பேர்னில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வீடு நோபல் பார்க்கில். படகில் வந்தவன். என்னுடைய விசாவுக்காகக் காத்திருந்து, பிறகு மனைவி பிள்ளையின் விசாவுக்காகக் காத்திருந்து, பாதித் தலைமயிர் அதிலேயே போய்விட்டது. நான் புறப்பட்டபோது மகள் ஆரணி கைக்குழந்தை. விமான நிலையத்தில் தாய் வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. போனில் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் போனில் பார்க்கிற அப்பாவுக்கும் கட்டிப்பிடிக்க ஓடி வருகிற அப்பாவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது என்பதை அவள் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து எனக்கு விளக்கினாள்.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. அவள் நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினை. தண்ணீர் கொடுத்தால் "தாங்ஸ் அப்பா." பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் "தாங்ஸ் அப்பா." சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் இரண்டு தாங்ஸ். வேலை இடத்தில் மற்றத் தகப்பன்மார் தங்கள் பெண் பிள்ளைகள் கதவை அடித்துச் சாத்துகிறார்கள், எதிர்த்துக் கதைக்கிறார்கள் என்று புலம்பும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வீட்டுக் கதவு எப்போதும் மெதுவாகத்தான் சாத்தப்படும். அவள் என்னோடு சண்டை பிடித்ததே கிடையாது. ஒன்றும் கேட்டதும் கிடையாது.

அப்படிப்பட்ட பிள்ளை, பதினாலு வயதில், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வந்து இருந்து, "அப்பா, ஒண்டு கேக்கலாமா?" என்றாள்.

"கேளுங்கோ பிள்ளை."

"எனக்கு ஒரு பாம்பு வேணும்."

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பாம்பு என்று எழுதியிருக்கிற பக்கத்தைக் கண்டாலே இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கி வைக்கிற ஆள் நான். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தால்கூட ஒரு தரம் விசாரித்துவிட்டுத்தான் கிட்டப் போவேன். ஆனால் கேட்பவள் யார்? இத்தனை வருடத்தில் முதல் தரம் வாய் திறந்து கேட்கிறாள். என் மூளை யோசித்து முடிப்பதற்குள் வாய் "ஓம்" என்று சொல்லிவிட்டது. குசினிக்குள் அகப்பை விழுகிற சத்தம் கேட்டது.

"என்னப்பா, உங்களுக்கு விசரே?" என்று வதனி வெளியே வந்தாள். "பூனையெண்டாலும் பரவாயில்லை. பாம்போ?"

"பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது வதனி."

"அப்ப நீங்களே பாருங்கோ. நான் அந்த அறைப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்."

பாம்பு வளர்க்க இந்த ஊரில் லைசன்ஸ் வேண்டும். அது என் பெயரில் வந்தது. (கார் லைசன்ஸுக்கும் ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸுக்கும் பிறகு நான் இந்த நாட்டில் எடுத்த மூன்றாவது லைசன்ஸ்.) ஒரு சனிக்கிழமை, பாம்பு வளர்த்து விற்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தலையணை உறை போன்ற ஒரு துணிப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தோம். வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு வகைதான், ஆனால் சின்னச் சாதி. விஷம் இல்லை. நீட்டிப் பிடித்தால் என் கை அளவு. தேத்தண்ணிக்குள் தோய்க்கிற பிஸ்கட்டின் நிறம். ஆரணி அதற்குப் பிஸ்கட் என்றே பெயர் வைத்தாள். அவளுடைய அறைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடித் தொட்டி, ஒரு பக்கம் சூடு கொடுக்கிற தட்டு, ஒளிந்திருக்க ஒரு சின்னப் பொந்து, தண்ணீர்க் கிண்ணம், மேலே கொளுக்கி போட்ட மூடி என்று எல்லாம் ஆயத்தம். பிஸ்கட் பைக்குள்ளிருந்து நேரே பொந்துக்குள் போனான். அவ்வளவுதான், ஆள் முகம் காட்டவில்லை.

திங்கட்கிழமை ஆரணிக்குப் பள்ளிக்கூடக் காம்ப். வெள்ளிக்கிழமைதான் திரும்பி வருவாள். புறப்படுமுன் என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, தொடக்கூடாது. மூடியைத் திறக்கக்கூடாது. சாப்பாடு குடுக்கக்கூடாது, நான் வந்து குடுப்பன். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டக்கூடாது. அவன் செற்றில் ஆகட்டும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். ஜஸ்ற் சும்மா விடுங்கோ."

"அவ்வளவுதானே? இதென்ன பெரிய வேலை!" என்றேன்.

"தாங்ஸ் அப்பா."

திங்கள் பின்னேரம் வேலை முடிந்து வந்தவுடன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பொந்துக்குள் ஒரு சுருள் தெரிந்தது. அசையவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. தண்ணீர் குடித்த அடையாளமும் இல்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு சீவன் வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல் மூலைக்குள் கிடக்கிறது, நான் மட்டும் பக்கத்து அறையில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுகிறேன்! கதவடியில் நின்றுகொண்டு, (உள்ளே போகப் பயம்) "தம்பி, என்னப்பா, ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டேன். குளிர் என்று நினைத்து ஒரு போர்வையை எடுத்து, தடியால் தள்ளித் தள்ளித் தொட்டிக்கு மேல் போர்த்தினேன். பிறகு மூச்சு முட்டுமோ என்று பயந்து அதே தடியால் இழுத்து எடுத்தேன். இப்படியே நாலைந்து தரம்.

அப்போதுதான் நேசம் அன்ரிக்குப் போன் எடுத்தேன். இன்றுவரை இதற்காக என் காதை நானே திருகிக்கொள்கிறேன்.

நேசம் அன்ரி அடுத்த தெருவில் இருக்கிறவர். எங்கள் பகுதியில் பிள்ளை பிறந்தாலும், கார் வாங்கினாலும், விசா கிடைத்தாலும் முதல் ஆளாக வாசலில் நிற்பார். கைப்பைக்குள் விபூதி, கற்பூரம், தீப்பெட்டி, எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். நான் ஆலோசனை கேட்கத்தான் எடுத்தேன். அவர் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"எட தம்பி! வீட்டை நாகதம்பிரான் வந்திருக்கிறார், நீ இப்பதான் சொல்லுறாய்?"

"நாகதம்பிரான் இல்லை அன்ரி. இது வெங்கிணாந்தி. பிஸ்கட் எண்டு பேர்."

"என்ன பேரா இருந்தால் என்ன? பால் வைச்சனியோ?"

"இல்லை அன்ரி, பிள்ளை ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு…"

"அதுதான் ஆள் கோவிச்சுக்கொண்டு கிடக்கிறார். பொறு, வாறன்."

புதன்கிழமை பின்னேரம் வந்தார். தனியே இல்லை. அவருடைய கணவர் ராசா அங்கிளும் கூட. அன்ரியின் கையில் தட்டு. தட்டில் பால், வாழைப்பழம், செவ்வரத்தம்பூ, மஞ்சள் தண்ணீர், கற்பூரம். ராசா அங்கிள் வெறுங்கையோடுதான் வந்தார், ஆனால் கேள்வியோடு வந்தார். தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "இவர் எந்தப் பக்கம்?" என்றார்.

"இந்தச் சாதிப் பாம்புகள் டார்வின் பக்கமாம் அங்கிள். ஒஸ்ரேலியாவின்ரை வடக்கு."

"ஓ, வடக்கோ? அப்ப எங்கடை ஆள்தான்" என்று, ஊரிலும் வடக்குப் பக்கத்தவரான அங்கிள் திருப்தியோடு தலையாட்டினார்.

நேசம் அன்ரி முதலில் கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்தார். பிறகு, "மூடியைத் திற, பால் வைப்பம்" என்றார். நான் தயங்கினேன் என்று இங்கே எழுத ஆசைதான். தயங்கவில்லை. ஆரணி சொன்ன நாலு விஷயமும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஒரு வயசு போன மனுசி தட்டோடு நிற்கும்போது இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்? கொளுக்கியைக் கழற்றினேன். பால் கிண்ணம் உள்ளே போனது. வாழைப்பழமும் போனது. (உரித்துத்தான் வைத்தார். பாம்புக்குக் கை இல்லையல்லவா!) அதன் பிறகு புது வீட்டுக்கு வந்தவருக்கு முறைப்படி ஆலாத்தி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை மூன்று தரம் சுற்றினார்.

மூன்றாவது சுற்றில் கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

அலாரம் என்றால் சாதாரண அலாரம் இல்லை. காது கிழியும். அன்ரி தட்டோடு வெளியே ஓடினார். அங்கிள் கதிரையோடு எழும்பினார். நான் அவரிடமிருந்து கதிரையைப் பறித்து, அதில் ஏறி நின்று, தோளில் கிடந்த துவாயால் அலாரத்துக்கு விசிறு விசிறென்று விசிறினேன். யன்னலைத் திறந்தேன். விறாந்தையில் இருந்த இரண்டாவது அலாரமும் சேர்ந்து கத்தியது. அங்கேயும் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருவழியாக எல்லாம் அடங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்து பார்த்தால் பால் கவிழ்ந்து கிடந்தது. வாழைப்பழம் கிடந்தது. பொந்து கிடந்தது. ஆள் இல்லை.

"அன்ரி, பாம்பைக் காணேல்லை."

நேசம் அன்ரி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "ஆலாத்தியை ஏற்றுக்கொண்டு மறைஞ்சிட்டார் தம்பி. நீ குடுத்து வைச்சவன்." சொல்லி முடித்தவர், குடுத்து வைத்தவன் வீட்டில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ராசா அங்கிள் ஏற்கெனவே காருக்குள் இருந்தார்.

வதனி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தாள். வாசலில் வைத்தே சொன்னேன். உள்ளே எடுத்து வைத்த காலை வெளியே எடுத்தாள்.

"ஆலாத்தி எடுத்தது ஆர்?"

"நேசம் அன்ரி."

"அப்ப நான் நேசம் அன்ரி வீட்டைதான் படுப்பன். பாம்பு பிடிபட்டால் போன் எடுங்கோ." நான் உடுப்புப் பையைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தேன்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடினேன். பாம்புக்குப் பயந்தவன் பாம்பைத் தேடுவது எப்படி என்றால், தேடுகிற இடத்தில் அது இருந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டு தேடுவதுதான். கட்டிலுக்குக் கீழே தும்புத்தடி விட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டோர்ச் அடித்தேன். பாம்பு விற்ற பெண்ணுக்குப் போன் எடுத்தபோது, தரையில் மாவைத் தூவிவிட்டால் ஊர்ந்த தடம் தெரியும் என்றாள். புட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசி மா முழுவதையும் வீடெல்லாம் தூவினேன். காலையில் ஆவலோடு பார்த்தேன். தடம் இருந்தது. எல்லாம் என்னுடைய கால் தடம்.

இடையில் ஆரணியிடமிருந்து மெசேஜ் வந்தது. "பிஸ்கட் எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டிருந்தாள். "நல்ல சுகம் பிள்ளை. சும்மா விட்டிருக்கிறன்" என்று எழுதினேன். "தாங்ஸ் அப்பா" என்று பதில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் அவள் கத்துவாள் என்று நான் பயப்படவில்லை. கத்தமாட்டாள் என்றுதான் பயந்தேன். "இற்ஸ் ஓகே அப்பா" என்று அந்த மரியாதையான குரலில் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இனி என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். முதல் தரம் கேட்டதையே துலைத்துப்போட்டு நிற்கிற தகப்பனிடம் யார் இரண்டாந்தரம் கேட்பார்கள்?

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் தப்ப முடியவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. வெளியே நல்ல குளிர். ஹோலில் ஹீற்றரைப் போட்டு, கம்பளி ஜம்பரும் சாரமுமாக சோபாவில் சாய்ந்தேன். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு மிச்ச இடமெல்லாம் தேடலாம் என்று நினைப்பு. அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

விழிப்பு வந்தபோது வயிற்றில் ஏதோ பாரமாக இருந்தது. ஜம்பருக்கு உள்ளே. பாரம் மெல்ல இடம் மாறிப் படுத்தது.

நான் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. இரண்டு நாளும் சோபாவின் அடிக் கிழிசலுக்குள் கிடந்தவன், வீட்டிலேயே சூடான இடம் எது என்று தேடி என் தொப்பையைக் கண்டுபிடித்திருக்கிறான். போன் மேசையில் இருந்தது. மேசை எட்டாது. நல்லூர் முருகனில் தொடங்கி, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் நாகதம்பிரானிடமே வந்து நின்றேன்.

அப்போது கதவு திறந்தது.

"அப்பா, ஐ ஆம் ஹோம்!" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஆரணி உள்ளே வந்தாள். வந்தவள் நின்றாள். தரையெல்லாம் வெள்ளை மா. அறைக் கதவு திறந்திருக்க, தொட்டிக் கண்ணாடியில் பெரிய குங்குமப் பொட்டு. நடுவில் சோபாவில் கட்டை மாதிரிக் கிடக்கிற தகப்பன்.

"அப்பா. பிஸ்கட் எங்கை?"

நான் கண்ணால் வயிற்றைக் காட்டினேன். ஜம்பர் தானாக ஒரு தரம் ஏறி இறங்கியது. "நேசம் அன்ரி… ஆலாத்தி… பால்…" என்று மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு "இற்ஸ் ஓகே அப்பா" வருவதற்குக் காத்திருந்தேன்.

"உங்களுக்கு விசரா அப்பா?"

கண்ணைத் திறந்தேன்.

"நாலே நாலு விசயம் சொல்லிப்போட்டுப் போனனான்! ஒண்டாவது கேட்டனீங்களா? பாம்புக்கு ஆரும் ஆலாத்தி எடுப்பினமா? வாழைப்பழம் வைப்பினமா? ஹூ புற்ஸ் எ பொட்டு ஓன் எ டாங்க்! மெசேஜிலை வேறை நல்ல சுகமாம்! பொய்!" முகம் சிவந்து, இடுப்பில் கை வைத்து, வீடு அதிரக் கத்தினாள். நான் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வேறு வழியும் இல்லை, வேறு வழி இருந்தாலும் எழும்பியிருக்கமாட்டேன். என் மகள் என்னை ஏசுகிறாள்! தாங்ஸ் இல்லை, மரியாதை இல்லை. சொந்தத் தகப்பனை ஏசுகிற மாதிரி ஏசுகிறாள்.

"அவன் பாவம் அப்பா. புது வீடு, ஒருத்தரையும் தெரியாது. அவனைப் போய் எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தால் பயப்பிடமாட்டானா? உங்களுக்கு இது தெரியும்தானே? நான் வந்த நேரம் வடிவாச் செய்தனீங்கள்தானே?"

"நான் என்னத்தையம்மா செய்தனான்?"

"என்னைச் சும்மா விட்டனீங்கள். நான் அறையை விட்டு வெளியிலை வரமாட்டன். நீங்கள் ஒவ்வொரு நாளும் கதவுக்கு வெளியிலை கோப்பையிலை மைலோ கரைச்சு வைச்சிட்டுப் போவீங்கள். ஒரு கேள்வி கேக்கேல்லை. நேசம் அன்ரியைக்கூட வாசலோடை அனுப்பினனீங்கள், எனக்குக் கேட்டது. அது எனக்கு எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா? அதைத்தானே பிஸ்கட்டுக்குச் செய்யச் சொன்னனான்!"

அந்த நாட்களில் நான் கோப்பையை வைத்துவிட்டுக் கள்ளன் மாதிரி ஓடியது புத்தியால் இல்லை. பயத்தால். ஒன்பது வயதுப் பிள்ளையின் கதவைத் தட்ட எனக்குப் பயமாக இருந்தது. தட்டி, அவள் திறந்து, ஒரு வேற்று ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அதனால்தான் அன்ரியையும் அனுப்பினேன், அவருக்கு முன்னால் வைத்து அந்தப் பார்வையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பெற்ற பிள்ளையிடம் கதைக்கத் தெரியாத தகப்பன் என்று இத்தனை வருடமும் என்னை நானே பெயில் ஆக்கி வைத்திருந்தேன். அவளோ அதே பரீட்சைக்கு எனக்குப் புள்ளி போட்டு, பத்திரமாக வைத்திருந்து, அதைப் பார்த்து ஒரு பாம்பை வளர்க்கப் பழகியிருக்கிறாள்.

கண்ணால் தண்ணீர் கொட்டியது. அடக்க அடக்க வயிறு குலுங்கியது.

"அழாதேங்கோ அப்பா! வயிறு ஆடுது, அவன் பயப்பிடுவான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்து, கையைச் சூடு வரத் தேய்த்து, ஜம்பரை மெல்ல உயர்த்தி, பிஸ்கட்டை அள்ளி எடுத்தாள். அவன் அவளுடைய மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பேசாமல் கிடந்தான். நான் கிட்டத்தில் பார்த்தேன். வடிவான முகம்தான். கதிரையில் காலைத் தூக்கி வைக்கத் தோன்றவில்லை.

போன் எடுத்தவுடன் வதனி வந்தாள். பின்னால் நேசம் அன்ரி. "பாத்தியே, பிடிபட்டால் பொங்கிறதெண்டு நான் நேர்த்தி வைச்சனான்" என்றார். அந்த நேர்த்திக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் பொங்குகிறேன். புகை அலாரம் இல்லாத இடமாகப் பார்த்து, பின் வளவில். பிஸ்கட் மூன்று வாரம் ஒன்றும் தின்னாமல் எங்களைப் பயமுறுத்திவிட்டு, பிறகு ஆரணியின் கையால் சாப்பிடத் தொடங்கினான். இப்போது என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் வதனி, "கொஞ்சம் தள்ளி இருங்கோ, இவர் ஆலாத்தி எடுத்துப்போடுவார்" என்பாள். நான் விருந்தாளியிடம் இரண்டாந்தரம் "சாப்பிட்டனீங்களோ?" என்று தொடங்கினால், மகள் உள்ளேயிருந்து "அப்பா! மூடி!" என்று குரல் கொடுப்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அவளுக்கு இப்போது பரீட்சைக் காலம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். (அடித்துத்தான் சாத்துகிறாள். கதவுச் சட்டம் ஆடுகிறது.) நேற்றும் வழமைபோல மைலோவைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கதவு திறந்தது. கோப்பை உள்ளே போனது. உடனே உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! சீனி காணாது!"

தாங்ஸ் இல்லை. ஒரு சொல்லுக்குக்கூட இல்லை. நான் சீனிப் போத்தலை எடுக்க ஓடினேன்.